முதலில் லென்ஸ், அப்புறம்தான் கேமரா: வாசகர் கேள்வி பதில்

ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிப் பலகைகளில் லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவைப் பொருத்துவது பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்தன. பாலிடெக்னிக் ஒன்றின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது கோவையில் வசிக்கும் நம் பகுதி ஆசிரியர் பதில் தருகிறார்.

கேள்வி: சார், எங்கள் வீட்டு முற்றத்தில் துணி காயப்போடும் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. ஜன்னலில் இருந்து பத்தடி தூரம். என்னிடம் ராஸ்பெர்ரி பை 4 இருக்கிறது. கேமரா வைத்து என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. கடையில் கேட்டால் 64 மெகாபிக்சல் மாட்யூல் வாங்குங்கள், அதுதான் பெரியது என்கிறார்கள். வாங்கலாமா?
– பள்ளி ஆசிரியை, தென்காசி

பதில்: வேண்டாம் அம்மா. மெகாபிக்சலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் பிள்ளைகளே போடக்கூடிய கணக்குதான்.

நான் சிபாரிசு செய்யப்போவது ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் ஹெச்.க்யூ. கேமரா. 2020 ஏப்ரலில் வந்தது. உள்ளே இருப்பது சோனியின் ஐஎம்எக்ஸ்477 சென்சார் (படத்தைப் பதியும் சில்லு), 12.3 மெகாபிக்சல். அந்தச் சென்சாரின் அகலம் சுமார் 6.3 மில்லிமீட்டர், உயரம் 4.7. இந்த 6.3-ஐ மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் இருக்கும் தூரத்தை 6.3-ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் (லென்ஸின் பெயரோடு வரும் மி.மீ. எண்) வகுத்தால், படத்தின் அகலத்துக்குள் எவ்வளவு இடம் அடங்கும் என்று தெரிந்துவிடும்.

பத்தடி என்பது 3 மீட்டர். 16 மி.மீ. லென்ஸ் போட்டால், 3 மீட்டர் பெருக்கல் 6.3, வகுத்தல் 16, ஏறக்குறைய 1.2 மீட்டர் அகலம் தெரியும். தேன்சிட்டு சுமார் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள பறவை. படத்தின் குறுக்கே உள்ள 4056 பிக்சலில் அதற்குக் கிடைப்பது 340. 25 மி.மீ. போட்டால் 540. 50 மி.மீ. போட்டால் படத்தின் அகலமே 38 சென்டிமீட்டர்தான். பறவைக்கு 1000 பிக்சலுக்கு மேல் கிடைக்கும், தாய் கொண்டுவரும் பூச்சியின் கால்கூடத் தெரியும்.

அதே நிறுவனத்தின், லென்ஸ் மாற்ற முடியாத கேமரா மாட்யூல் 3-இல் என்ன ஆகும் என்று பாருங்கள். அது நல்ல கேமரா, தானே ஃபோகஸ் செய்துகொள்ளும், விலையும் குறைவு. ஆனால் அதன் பார்வை 66 பாகை அகலம். பத்தடியில் வைத்தால் கிட்டத்தட்ட 4 மீட்டர் அகலத்துக்கு உங்கள் முற்றம், துளசி மாடம், துணி எல்லாம் தெரியும். சிட்டுக்கு மிஞ்சுவது 120 பிக்சல். கடைக்காரர் சொல்லும் 64 மெகாபிக்சல் மாட்யூல்களிலும் இதே போன்ற அகலப் பார்வை லென்ஸ்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. போதாததற்கு அவற்றின் பிக்சல்கள் இன்னும் சிறியவை. காலை ஆறு மணி வெளிச்சத்தில் பொரிபொரியாகப் புள்ளி தட்டும். குஞ்சுகளுக்கு இரை கொண்டுவரும் பரபரப்பு அந்த நேரத்தில்தான் அதிகம்.

ஆக, ஹெச்.க்யூ. கேமரா, அதன் சி மற்றும் சிஎஸ் மவுண்ட் (லென்ஸைத் திருகி மாட்டும் வாய்) வகை, கூடவே 25 அல்லது 50 மி.மீ. குவியத் தூரமுள்ள சி மவுண்ட் லென்ஸ். இரண்டில் 50-ஐத்தான் நான் விரும்புவேன், ஆனால் அதற்குக் கெட்டியான பிடிமானம் வேண்டும். ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டினால், பேருந்து போகும்போதெல்லாம் படம் ஆடும். கேமராவின் அடியில் சாதாரண ட்ரைபாட் திருகு ஏறும் துளை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

எங்கள் வீட்டு மொட்டைமாடிப் படிக்கட்டில், விளக்கு வயரில் ஒரு ஜோடி கூடு கட்டியபோது நான் செய்தது இதுதான். அப்பா ஸ்டுடியோ நடத்திய காலத்து 50 மி.மீ. நிக்கான் லென்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை மாற்று வளையம் வைத்து மாட்டினேன். அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துவாரத்தை, முழுதாகத் திறந்து வைத்ததால் முதல் நாள் கூட்டின் வாசல் தெளிவாக இருந்தது, வாசலில் தொங்கிய பறவையின் வால் மங்கிவிட்டது. 50 மி.மீ. லென்ஸில், 3 மீட்டர் தூரத்தில், எஃப் 2.8-இல் (எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சிறிதாகும்) தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர்தான். எஃப் 4-க்கு மாற்றினேன், ஒன்பதாக ஆனது. இன்னும் மூடினால் இன்னும் ஆழம் கிடைக்குமே என்று தோன்றும். எஃப் 5.6-ஐத் தாண்டாதீர்கள். இந்தச் சென்சாரின் பிக்சல் 1.55 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). எஃப் 8-இல் ஒளியே விளிம்பு வளைந்து பரவி, ஒரு புள்ளியை 10 மைக்ரானுக்கு மேல் விரித்துவிடும். எல்லாம் ஒரே சீராக மங்கும். ஃபோகஸ் தப்பு என்று நினைத்து நீங்கள் திருகிக்கொண்டே இருப்பீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கூடு கட்டிக்கொண்டிருக்கும்போதோ, முட்டை இட்ட முதல் சில நாட்களிலோ பக்கத்தில் போய் எதையும் மாட்டாதீர்கள். பயந்தால் கூட்டைக் கைவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரித்து, இரண்டு பெற்றோரும் இரை கொண்டுவரத் தொடங்கிய பிறகு, ஜன்னலுக்கு உள்பக்கமே கேமராவை வையுங்கள். விளக்கு எதுவும் போட வேண்டாம். பத்தடியிலிருந்து பார்க்க லென்ஸ் இருக்கும்போது, நெருங்கிப் போக வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி: ஹெச்.க்யூ. கேமராவும் 16 மி.மீ. லென்ஸும் வாங்கினேன். எவ்வளவு திருகினாலும் எந்தத் தூரத்திலும் தெளிவாக வரவில்லை. லென்ஸ் பழுதா?
– பொறியியல் மாணவர், நாமக்கல்

பதில்: லென்ஸைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள் தம்பி. கேமரா வந்த பெட்டியில் மெல்லிய உலோக வளையம் ஒன்று இருந்ததா? அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு லென்ஸை நேரடியாக மாட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

சி மவுண்ட், சிஎஸ் மவுண்ட் இரண்டுக்கும் மரை ஒன்றுதான். ஒரு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 32 சுற்று. அதனால் எதில் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் ஏறிவிடும், குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. சி மவுண்ட் 16 மி.மீ. சினிமா கேமரா காலத்தில் இருந்து வருவது. லென்ஸின் அடித்தளத்துக்கும் படம் விழும் பரப்புக்கும் 17.5 மி.மீ. இடைவெளி வேண்டும். பின்னால் வந்த சிஎஸ் மவுண்டுக்கு 12.5 போதும். வித்தியாசம் சரியாக 5 மி.மீ. அந்த வளையத்தின் தடிமன் அதுவே. ராஸ்பெர்ரி பை விற்கும் 16 மி.மீ. லென்ஸ் சி வகை, வளையம் வேண்டும். 6 மி.மீ. லென்ஸ் சிஎஸ் வகை, வளையம் கூடாது.

எது தப்பு என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. எந்தத் தூரத்திலும் எதுவுமே தெளியவில்லை என்றால் வளையம் இல்லை. தூரத்தில் இருப்பது எல்லாம் மங்கலாகி, லென்ஸின் மூக்கருகே விரலைக் கொண்டுபோனால் மட்டும் ரேகை தெரிகிறது என்றால் வளையம் கூடுதலாக இருக்கிறது. வளையம் சரியாக இருந்தும் தூரத்து மரம் மட்டும் தெளியவில்லை என்றால், கேமராவின் கழுத்தில் உள்ள பின் ஃபோகஸ் வளையத்தின் பூட்டுத் திருகைத் தளர்த்துங்கள். லென்ஸில் முடிவிலிக் குறியை வைத்து, தெருக்கோடியில் உள்ள மரத்தைப் பார்த்தபடி, இந்தக் கழுத்து வளையத்தை இம்மி இம்மியாகத் திருப்பி, தெளிந்ததும் பூட்டிவிடுங்கள். இதை ஒருமுறை செய்தால் போதும்.

நான் முதல் கேமராவை வாங்கியபோது இரண்டு நாள் இந்த வளையத்தில் போனது. மூன்றாம் நாள் காலை ஸ்கேலை எடுத்து அளந்த பிறகே புரிந்தது. அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கேள்வி: தாத்தா சித்த வைத்தியர். அவர் விட்டுச்சென்ற இரண்டு கட்டு ஓலைச்சுவடிகள் வீட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு ஓலையும் சுமார் 40 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம். ஸ்கேனரில் வைத்து அழுத்த பயமாக இருக்கிறது. பை கேமராவால் படம் எடுக்கலாமா? என்ன லென்ஸ்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. காய்ந்த ஓலையைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினால் நரம்போடு பிளந்துவிடும். ஸ்கேனரைத் தொடாதீர்கள்.

கேமராவால் தாராளமாக எடுக்கலாம், நன்றாகவே வரும். 6 மி.மீ. லென்ஸ் மட்டும் வேண்டாம். அது அகலப் பார்வை. ஓரங்களில் நேர்கோடு வில்லாக வளையும், நீளமான ஓலைக்கு ஆகாது. 16 மி.மீ. சி மவுண்ட் லென்ஸை எடுங்கள்.

முழு ஓலையையும் ஒரே படத்தில் அடக்க நினைக்காதீர்கள். 40 செ.மீ.யை 4056 பிக்சலில் அடைத்தால் மில்லிமீட்டருக்குப் பத்துதான் கிடைக்கும். புள்ளி இல்லாத பழைய எழுத்தில் கொம்பு எது, கால் எது என்று தடுமாறும் இடங்களில் அது போதாது. 17 செ.மீ. அகலத்துக்கு ஒரு படம் என்று, சற்றே ஒன்றன்மேல் ஒன்று வரும்படி ஒவ்வொரு ஓலைக்கும் மூன்று படம் எடுங்கள். மில்லிமீட்டருக்கு 24 பிக்சல் கிடைக்கும், அது அங்குலத்துக்கு 600 புள்ளி. இதற்குக் கேமரா ஓலைக்கு மேலே சுமார் 45 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும்.

அப்பர்ச்சர் எஃப் 4. அந்த உயரத்தில் எஃப் 1.4 வைத்தால் தெளிவான ஆழம் அரை சென்டிமீட்டர் சொச்சம்தான். ஓலை ஓரத்தில் சுருண்டிருந்தால் அந்த இடம் மங்கும். எஃப் 4-இல் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் வரை இடம் கிடைக்கிறது, சுருண்ட ஓலைக்கும் அது போதும். அழுத்தித் தட்டையாக்கும் அவசியமே வராது.

கேமரா ஓலைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க, ஓலை வைக்கும் இடத்தில் ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியைத் தட்டையாக வையுங்கள். அதில் தெரியும் லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் வரும்வரை கேமராவைச் சாய்த்துச் சரிசெய்யுங்கள். பிம்பம் இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பதால் அதைப் பார்க்கும்போது மட்டும் ஃபோகஸை மாற்ற வேண்டியிருக்கும்.

இனி வெளிச்சம். ஓலையில் எழுத்து என்பது எழுத்தாணி கீறிய பள்ளம். மை தடவிய ஓலையில் பள்ளத்துக்குள் கருப்பு நிற்கும், மேலிருந்து வெளிச்சம் விழுந்தாலும் படிக்கலாம். மை தேய்ந்துபோன ஓலையில், நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. அப்போது ஒரு எல்.இ.டி. பட்டையை மேசை மட்டத்தோடு தாழ்த்தி, பக்கவாட்டில் இருந்து அடியுங்கள். பள்ளத்தின் ஒரு கரை நிழலாகி எழுத்து எழும்பி நிற்கும். இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை என்று இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மறைந்த கீறல் இன்னொன்றில் தெரியும். தன்னியக்க வெளிச்ச அளவையும் நிறச் சமனையும் அணைத்து, முதல் ஓலைக்கு வைத்த அளவையே கடைசி ஓலைவரை வையுங்கள். ஓரத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். ஓலைகளின் வரிசை எண்ணைக் கோப்பின் பெயரிலேயே போடுங்கள். கட்டு அவிழ்ந்து ஓலை மாறிப்போனால் மருந்தின் பாதி ஒரு நோய்க்கும் மீதி இன்னொரு நோய்க்கும் போய்விடும்.

கயிறு நைந்திருந்தால், பூச்சி அரித்திருந்தால், முதலில் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் கேளுங்கள். உங்களுக்குப் பக்கம்தான். ஓலையைக் கையாளத் தெரிந்தவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பிரிப்பது நல்லது.

கேள்வி: விசைத்தறியில் ஊடை நூல் (துணியின் குறுக்கே ஓடும் நூல்) அறுவதைப் படம்பிடித்துக் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன். அந்த நூலை இழுத்துச் செல்லும் நாடா ஓடும்போது படத்தில் சாய்ந்து, நீண்டு தெரிகிறது. இன்னும் விலை உயர்ந்த லென்ஸ் போட்டால் சரியாகுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: இந்த ஒரு விஷயத்தில் லென்ஸால் ஆகப்போவது எதுவும் இல்லை. ஐஎம்எக்ஸ்477 போன்ற சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. முதல் வரியைப் படித்துவிட்டுக் கடைசி வரிக்கு வருவதற்குள் நாடா நகர்ந்துவிடுகிறது, அதனால் சாய்கிறது. உங்களுக்கு வேண்டியது 2023 மார்ச்சில் வந்த குளோபல் ஷட்டர் கேமரா. சோனியின் ஐஎம்எக்ஸ்296. எல்லா பிக்சலும் ஒரே கணத்தில் திறந்து ஒரே கணத்தில் மூடும். அதே சி மற்றும் சிஎஸ் மவுண்ட் என்பதால் உங்களிடம் உள்ள லென்ஸே பொருந்தும். 1.6 மெகாபிக்சல்தானா என்று தயங்காதீர்கள். 1456-க்கு 1088 பிக்சல், ஒவ்வொன்றும் 3.45 மைக்ரான், அறுந்த நூலைக் காண அது போதும். சென்சார் அகலம் 5 மி.மீ. என்பதால், மேலே சொன்ன கணக்கில் 6.3-க்குப் பதில் 5 போட்டுக்கொள்ளுங்கள்.

நாடா விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒரு விநாடி திறந்தால் அதற்குள் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்து மங்கும். இந்தக் கேமராவை விநாடியின் பத்து லட்சத்தில் 30 பங்கு நேரம் மட்டும் திறக்கலாம். அப்போது நகர்வு 0.3 மி.மீ. ஆனால் அவ்வளவு சிறு நேரத்துக்கு வெள்ளமாக வெளிச்சம் வேண்டும், லென்ஸும் எஃப் 1.4 போல அகலத் திறக்க வேண்டும். தறிக்கூடத்து டியூப்லைட்டை நம்பாதீர்கள். நம் மின்சாரத்தில் அது விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும். டி.சி. சப்ளையில் எரியும் எல்.இ.டி. போடுங்கள். பஞ்சுத் தூசி லென்ஸில் படியும், முன்னால் ஒரு சாதாரண கண்ணாடி ஃபில்டரை மாட்டிவிட்டால் அதை மட்டும் துடைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பை 5 வாங்கினேன். பழைய பை 3-இல் ஓடிய ஹெச்.க்யூ. கேமராவின் கேபிள் அதில் நுழையவே இல்லை.
– வாசகர், சிவகாசி

பதில்: பை 3, பை 4-இல் 15 முனை கொண்ட அகலச் சொருகி. பை 5-இலும் பை ஜீரோ வகைகளிலும் 22 முனை கொண்ட குறுகிய சொருகி. ஒருபுறம் 15, மறுபுறம் 22 உள்ள ரிப்பன் கேபிள் தனியாகக் கிடைக்கும். அதை மட்டும் வாங்குங்கள், கேமரா அதுவே. மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் சொருக வேண்டும். பழைய பாடங்களில் உள்ள, படம் எடுக்கும் ராஸ்பிஸ்டில் கட்டளைகள் புதிய இயங்குதளத்தில் ஓடாது. ஆர்பிகேம் என்று தொடங்கும் கட்டளைகளைப் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரவில் கொல்லைப்புறத்துக்கு வரும் ஆந்தையைப் பார்க்க, ஹெச்.க்யூ. கேமராவில் உள்ள, அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் ஃபில்டரைப் பெயர்த்து எடுத்துவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: எடுக்கலாம், திரும்ப ஒட்ட முடியாது. உத்தரவாதமும் போய்விடும். சென்சார் திறந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் விழும் ஒரு தூசி கடைசிவரை எல்லாப் படத்திலும் இருக்கும். பகலில் செடிகொடி எல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரியும். கேமரா மாட்யூல் 3-இன் நோ-ஐஆர் வகை ஃபில்டர் இல்லாமலே வருகிறது, ஆந்தை அருகே வந்து உட்காரும் இடம் தெரியுமென்றால் அது போதும். தூரத்து மரம் என்றால்தான் லென்ஸ் மாற்றும் கேமராவைக் கழற்றுவது பற்றி யோசிப்பேன், அதுவும் இரண்டாவதாக ஒன்று வாங்கிய பிறகு.

கேள்வி: அப்பாவின் பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ்கள் இருக்கின்றன. 50 மி.மீ., 200 மி.மீ. இரண்டும் நிக்கான். இவற்றை பை கேமராவில் மாட்டி நிலாவை எடுக்கலாமா? உள்ளே சிலந்தி வலைபோல ஏதோ தெரிகிறது.
– வாசகி, சென்னை

பதில்: அப்பாவின் லென்ஸ் என்று படித்ததும் மகிழ்ந்தேன். வலைபோலத் தெரிவது பூஞ்சை. கடற்கரை ஊரில் பீரோவுக்குள் தூங்கிய லென்ஸ்களுக்கு வருவது. ஓரத்தில் கொஞ்சம் என்றால் படம் கெடாது. நடுவரை பரவியிருந்தால், லென்ஸைப் பிரித்துத் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். துடைத்த பிறகு சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

நிக்கான் லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கையால் மாற்றலாம், கவலையே இல்லை. கேனானின் இ.எஃப். வகை லென்ஸ்களில் அப்பர்ச்சரை மின்சாரம்தான் நகர்த்துகிறது. அவை இங்கே முழுதாகத் திறந்தபடியே நிற்கும். நிக்கானுக்கு லென்ஸிலிருந்து சென்சாருக்கு 46.5 மி.மீ. வேண்டும். எனவே நிக்கானில் இருந்து சி மவுண்டுக்கு மாற்றும் குழல் ஒன்று, அதற்குக் கீழே நாமக்கல் தம்பிக்குச் சொன்ன அதே 5 மி.மீ. வளையம். ட்ரைபாட்டில் கேமராவைப் பிடிக்காமல் லென்ஸையோ குழலையோ பிடியுங்கள். 200 மி.மீ. லென்ஸின் கனத்தைச் சின்னப் பலகை தாங்காது.

நிலாவுக்குக் கணக்கு இன்னும் எளிது. குவியத் தூரத்தை 110-ஆல் வகுத்தால் சென்சார்மேல் விழும் நிலாவின் விட்டம். 50 மி.மீ. லென்ஸில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, சுமார் 300 பிக்சல். 200-இல் 1.8 மி.மீ., ஏறக்குறைய 1170 பிக்சல். அப்பாவின் 200-ஐயே எடுங்கள். பௌர்ணமிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்று வெயில் நிலாமேல் நேராக விழுவதால் நிழலே இருக்காது, தட்டையாகத் தெரியும். வளர்பிறை அஷ்டமியன்று சாயங்காலம் ஏழு மணிக்கு மாடிக்குப் போங்கள். வெளிச்சமும் இருட்டும் பிரியும் கோட்டின் ஓரமாக ஃபோகஸைத் திருப்பினால், பள்ளங்களின் விளிம்பு ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும்.